சொல்லப்படாத காரணம்: அமெரிக்க விமானப் பயணத் தடைப் பட்டியலும் குடிமைச் சுதந்திரமும்

2001 செப்டம்பர் 11 அன்று காலையில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 'விமானத்தில் ஏற்றக் கூடாதவர்' பட்டியலில் 12 பெயர்கள் இருந்தன. அதே அரசின் வெளியுறவுத் துறை 'டிப்ஆஃப்' என்ற பெயரில் பராமரித்த பயங்கரவாதச் சந்தேகப் பட்டியலில் ஏறத்தாழ 60,000 பெயர்கள் இருந்தன. விமானப் பாதுகாப்புப் பிரிவின் நீண்டகாலத் தலைவர், இப்படி ஒரு பட்டியல் இருப்பதையே 2004 ஜனவரியில் விசாரணை ஆணையத்தின் பொது அமர்வில் பிறர் சொல்லித்தான் அறிந்தார். தாக்குதலை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கையில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது. பட்டியல்களை ஒன்றிணைக்க வேண்டும், விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகு எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த விரிவாக்கத்தின் வரலாற்றைக் குடிமைச் சுதந்திரத்தின் பக்கம் நின்று பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. பட்டியலால் விளைந்த துன்பங்கள் இரண்டு வகை. ஒன்று, பெயர் ஒத்துப்போனதால் வேறொருவர் மாட்டிக்கொள்வது. மற்றொன்று, அரசு குறிவைத்தவரே தடுக்கப்பட்டாலும் அதற்கான காரணம் அவருக்குச் சொல்லப்படாமல் போவது. பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் முதல் வகையைப் பற்றித்தான் அதிகம் பேசின. அது ஓரளவு தீர்ந்தும் போனது. இரண்டாவது வகை இன்றும் அப்படியே இருக்கிறது. முதல் வகைக்குக் கிடைத்த தீர்வே இரண்டாவதை மறைக்கவும் உதவியது என்பது என் வாதம்.

கடவுச்சீட்டுக் காலம்

பயணத்தைத் தடுப்பதன் மூலம் குடிமக்களைக் கட்டுப்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் 2001இல் தோன்றியதல்ல. 1928 முதல் 1955 வரை வெளியுறவுத் துறையின் கடவுச்சீட்டுப் பிரிவுக்கு ரூத் ஷிப்லி என்ற பெண் அதிகாரி தலைமை வகித்தார். பனிப்போர் தொடங்கியதும் கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று ஐயப்பட்டவர்களுக்கு அவரது பிரிவு கடவுச்சீட்டு மறுத்தது. பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டு 1950இல் ரத்தானது. வேதியியலாளர் லைனஸ் பாலிங்குக்கு 1952இல் மறுக்கப்பட்டது. நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 1954இல் தம் நாடகத்தைக் காண பிரஸ்ஸல்ஸ் செல்ல முடியாமல் போனார். மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: உங்கள் பயணம் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல. எந்த நலன், என்ன ஆதாரம் என்று கேட்க வழியில்லை.

ராப்சன் 1952 மே மாதம் கனடா எல்லையில், அமெரிக்க மண்ணில் நிறுத்தப்பட்ட ஒரு லாரி மேடையில் நின்று, எல்லைக்கு அப்பால் கூடியிருந்த கூட்டத்துக்கும் சேர்த்துப் பாடினார். 1957இல் லண்டனில் நடந்த நிகழ்ச்சிக்குக் கடல்கடந்த தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். ஆளைப் போக விடாமல் தடுக்கலாம், குரலைத் தடுக்க முடியவில்லை என்று இதை ரசித்துச் சொல்வதுண்டு. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் அவரது வருமானமும் தொழிலும் சிதைந்துபோயின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். பயணம் செய்யும் உரிமை, ஐந்தாவது திருத்தம் காக்கும் 'சுதந்திரத்தின்' ஒரு பகுதி. முறையான சட்ட நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றார் அவர். ஆனால் தீர்ப்பின் அடித்தளம் குறுகியது. அரசியல் கருத்துக்காகக் கடவுச்சீட்டு மறுக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் வெளியுறவு அமைச்சருக்கு வழங்கவில்லை என்பதே அந்த அடித்தளம். காங்கிரஸ் வழங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு நீதிமன்றம் 1964இல் ஆப்தேகர் வழக்கில் பாதிப் பதில் தந்தது. கம்யூனிஸ்ட் அமைப்பின் உறுப்பினர் என்ற ஒன்றுக்காகவே கடவுச்சீட்டு மறுத்த சட்டப் பிரிவு மிகப் பரந்துபட்டது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது.

இந்தியச் சட்ட வரலாற்றுக்கும் இங்கே நேரடித் தொடர்பு உண்டு. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் வெளிநாடு செல்லும் உரிமையைத் தனிமனித சுதந்திரத்துக்குள் சேர்த்தபோது கென்ட் தீர்ப்பை எடுத்தாண்டது. மேனகா காந்தியின் கடவுச்சீட்டு 1977இல் 'பொது நலன்' கருதி முடக்கப்பட்டு, காரணம் கேட்டபோது மறுக்கப்பட்டது. 1978இல் வந்த தீர்ப்பு, காரணம் சொல்வதையும் எதிர்வாதம் கேட்பதையும் நியாயமான நடைமுறையின் உயிர்நாடியாக்கியது. ஷிப்லியின் கடிதங்களில் இருந்த அதே 'நலன்' டெல்லியிலும் பேசியது. அதற்கு டெல்லியில் நீதிமன்றம் சொன்ன பதில்தான் கூடுதல் தெளிவானது. சட்டப் பேராசிரியர் ஜெஃப்ரி கான் 2013இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பிலேயே ஷிப்லியின் ஆவியை நிறுத்தினார். பயணத் தடைப் பட்டியலில் அந்த ஆவி உலவுகிறது என்பது அவர் கருத்து. எனக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. ஷிப்லிக்கு முகம் இருந்தது, மேசை இருந்தது, கையொப்பம் இருந்தது. பட்டியலுக்கு அவை எதுவுமில்லை.

பெயர்களின் பெருக்கம்

2001 நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உருவானது. 'ஏற்றவே கூடாதவர்', 'கூடுதல் சோதனைக்கு உட்பட்டவர்' என்ற இரண்டு பட்டியல்களை அது விமான நிறுவனங்களுக்கு அனுப்பியது. இரண்டாம் பட்டியலில் இருப்பவரின் போர்டிங் பாஸில் நான்கு 'எஸ்' எழுத்துகள் அச்சாகும். 2003 செப்டம்பரில் ஜனாதிபதி புஷ் பிறப்பித்த ஆணையின்படி எஃப்.பி.ஐ. நிர்வாகத்தில் பயங்கரவாதச் சோதனை மையம் அமைந்தது. அந்த டிசம்பரில் அது வேலையைத் தொடங்கியது. துறைவாரியாகச் சிதறிக் கிடந்த பட்டியல்கள் ஒரே தரவுத்தளத்துக்குள் வந்தன. விமானத் தடைப் பட்டியல் அந்தப் பெரிய தரவுத்தளத்தின் ஒரு சிறு துண்டு மட்டுமே.

பெயரை ஒப்பிடும் வேலையை அப்போது விமான நிறுவனங்களே செய்தன. அவற்றில் சில பயன்படுத்திய ஒலி ஒப்புமை முறை, 1918இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' வழிமுறையிலிருந்து வந்தது. மக்கள்தொகைப் பதிவேட்டில் எழுத்துக்கூட்டல் மாறிய பெயர்களைத் தேடுவதற்கு அது நல்ல கருவி. ஆனால் அரபுப் பெயரை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதும் உலகில், பிறந்த தேதிகூடக் கேட்காமல் அதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டாம். 'டேவிட் நெல்சன்' என்ற பெயர் வைத்திருந்தவர்கள் நாடெங்கும் நிறுத்தப்பட்டார்கள்.

செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கு நேர்ந்தது இந்த வகையின் உச்சம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக செனட்டில் இருந்தவர், மறைந்த ஜனாதிபதியின் தம்பி. அவருக்கே 2004 வசந்தத்தில் விமான நிலைய முகப்பில் பலமுறை பயணச்சீட்டு மறுக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய யாரோ ஒருவர் அவர் பெயரை ஒத்த புனைபெயர் வைத்திருந்தாராம். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் டாம் ரிட்ஜ் மன்னிப்புக் கேட்ட பிறகும் தடை நீடித்தது. முழுதாகத் தீர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த ஆகஸ்டில் செனட் நீதிக்குழுவில் கென்னடி இதைச் சொல்லி, தனக்கே இந்தக் கதி என்றால் சாதாரண மனிதர் எங்கே போவார் என்று கேட்டார். அவையில் சிரிப்பும் எழுந்தது. கருப்பின உரிமைப் போராட்டத்தில் போலீஸ் தடியால் மண்டை உடைந்த காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லூயிஸும் தம் பெயரால் மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டார்.

கென்னடி கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அது விவாதத்தை வேறு திசைக்கு இழுத்தது. 'தவறான ஆள்' என்பதே பட்டியலின் குற்றமாகப் பேசப்பட்டது. 'சரியான ஆள்' யார், அதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. சான்பிரான்சிஸ்கோவில் போர் எதிர்ப்புச் செய்தித்தாள் ஒன்றை நடத்திய ரெபெக்கா கோர்டன், ஜேன் ஆடம்ஸ் என்ற இருவரும் 2002 ஆகஸ்டில் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார்கள். அமெரிக்கக் குடிமைச் சுதந்திர ஒன்றியத்தின் உதவியோடு 2003இல் அவர்கள் தொடுத்த தகவல் உரிமை வழக்குதான் அந்தப் பின்னுக்குப் போன கேள்வியை முதலில் தொட்டது. வழக்கில் வெளிவந்த ஆவணங்கள், பெயர்களைச் சேர்ப்பதற்கான வரையறை பற்றி அதிகாரிகளுக்கே தெளிவில்லை என்பதைக் காட்டின.

நீதித்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2007 செப்டம்பரில் வெளியிட்ட தணிக்கை அறிக்கையின்படி, அந்த ஏப்ரலில் தரவுத்தளத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. மாதந்தோறும் சராசரியாக 20,000 பதிவுகள் கூடின. தணிக்கையாளர்கள் எடுத்துப் பார்த்த மாதிரிப் பதிவுகளில் 38 விழுக்காட்டில் பிழை இருந்தது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்டவர்கள் முறையிட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு குறைதீர்ப்புத் திட்டத்தைத் தொடங்கி, விண்ணப்பித்தவர்களுக்கு எண் வழங்கியது. 2009–10இல் 'செக்யூர் ஃப்ளைட்' திட்டம் பெயர் ஒப்பீட்டை விமான நிறுவனங்களிடமிருந்து அரசின் கைக்கு மாற்றியது. முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் கட்டாயமாயின. கென்னடியின் பிரச்சினை பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. அமெரிக்காவுக்குப் பறக்க டிக்கெட் எடுக்கும் தமிழர்கள் தங்கள் இனிஷியலை விரித்து முழுப்பெயராக எழுதித் திணறுவதும் அந்தத் திட்டத்தின் ஒரு விளைவுதான்.

ஒரு படிவத்தின் கட்டங்கள்

ரஹீனா இப்ராஹிம் வழக்கு இந்த வரலாற்றின் மையம் என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த அவர் கட்டடக் கலைஞர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி. 2005 ஜனவரி 2 அன்று மகளுடன் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு வந்தார். அறுவை சிகிச்சை முடிந்து குணமாகிவந்த நேரம், சக்கர நாற்காலி கேட்டிருந்தார். முகப்பில் இருந்த ஊழியர் பட்டியலில் அவர் பெயரைக் கண்டதும் போலீசை அழைத்தார். கைவிலங்கு மாட்டி, சுமார் இரண்டு மணி நேரம் காவலில் வைத்து விடுவித்தார்கள். பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிட்டது என்றார்கள். மறுநாள் அவர் மலேசியாவுக்குப் பறந்தார். மார்ச்சில் படிப்பைத் தொடரத் திரும்ப முயன்றபோது விசா ரத்தாகியிருந்தது. அதன்பின் அவரால் அமெரிக்காவுக்குள் கால் வைக்க முடியவில்லை.

2006இல் தொடங்கிய வழக்கு இரண்டு முறை மேல்முறையீட்டு நீதிமன்றம் போய் மீண்டு, 2013 டிசம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் முன் விசாரணைக்கு வந்தது. அரசு இரகசியம் என்ற பெயரில் நீதிமன்றக் கதவுகள் பலமுறை மூடப்பட்டன. சாட்சி சொல்ல வரவிருந்த அவர் மகள், அமெரிக்கக் குடிமகள், விசாரணை நடந்த வாரத்தில் மலேசியாவில் விமானம் ஏற முடியாமல் நின்றார். இத்தனைக்கும் மூல காரணமாக வெளிவந்தது இது: 2004 நவம்பரில் ஓர் எஃப்.பி.ஐ. அலுவலர் பட்டியலில் சேர்ப்பதற்கான ஒரு பரிந்துரைப் படிவத்தை நிரப்பினார். எந்தெந்தப் பட்டியல்களில் இவரைச் சேர்க்க வேண்டாமோ அந்தக் கட்டங்களில் குறியிட வேண்டும் என்று படிவம் சொன்னது. அலுவலர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். தாம் செய்த பிழை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து 2013 செப்டம்பரில் வழக்கறிஞரின் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது.

2014 ஜனவரியில் ஆல்சப் அளித்த தீர்ப்பு, பட்டியலிலிருந்து பெயரை நீக்க வழக்காடி வென்ற முதல் தீர்ப்பு. அறுவை மருத்துவர் தவறான விரலை வெட்டியதைப் போன்ற பிழை இது என்று அவர் எழுதினார். இப்ராஹிம் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் அல்லர் என்று அரசே ஒப்புக்கொண்டது. அப்படியானால் எட்டு ஆண்டுகள் எதற்கு வழக்காடினார்கள்? படிவத்தின் பிழையைக் காக்க அல்ல, படிவத்தை யாரும் பார்க்கக் கூடாது என்ற கொள்கையைக் காக்கவே என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய வழக்கறிஞர்கள் 36 லட்சம் டாலருக்கும் மேல் கட்டணம் கோரினார்கள். கீழ் நீதிமன்றம் அனுமதித்தது 4.2 லட்சம் டாலர் அளவில்தான். 2019 ஜனவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு அதை ரத்து செய்து, அரசு நல்லெண்ணத்துடன் வழக்காடியதா என்பதையும் சேர்த்து மீண்டும் கணக்கிடச் சொன்னது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இப்ராஹிம் முனைவர் பட்டம் பெற்று, மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் புல முதல்வராகவும் ஆகிவிட்டார்.

இந்த வெற்றியிலும் ஒரு குறை உண்டு. அவர் வென்றது எழுத்தர் பிழையைக் காட்டித்தான். அலுவலர் சரியான கட்டத்தில் குறியிட்டு, ஆனால் போதாத காரணத்துக்காகக் குறியிட்டிருந்தால் இந்தத் தீர்ப்பு உதவியிருக்காது.

சந்தேகம் என்ற அளவுகோல்

2009 கிறிஸ்துமஸ் நாளில் உமர் ஃபரூக் அப்துல்முத்தல்லப் டெட்ராய்ட் சென்ற விமானத்தில் உள்ளாடையில் வெடிபொருளை மறைத்துக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையே அபுஜாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் எச்சரித்திருந்தார். மகன் பெயர் உளவுத் துறையின் மூலத் தரவுத்தளத்தில் இருந்தது, ஆனால் அங்கிருந்து கண்காணிப்புப் பட்டியலுக்கு ஏறவில்லை. இந்தத் தோல்விக்குப் பிறகு 2010இல் சேர்க்கும் நிபந்தனைகள் தளர்ந்தன. தடைப் பட்டியல் மளமளவென்று வளர்ந்தது. 2014இல் 'தி இன்டர்செப்ட்' இதழ் வெளியிட்ட அரசு ஆவணங்களின்படி, முந்தைய ஆண்டில் முதன்மைத் தரவுத்தளத்தில் 6.8 லட்சம் பேர், அவர்களில் 47,000 பேர் விமானத் தடைப் பட்டியலில். 6.8 லட்சத்தில் 2.8 லட்சம் பேருக்கு அறியப்பட்ட எந்தப் பயங்கரவாத அமைப்போடும் தொடர்பு குறிக்கப்படவில்லை.

அதே இதழ் அம்பலப்படுத்திய 2013ஆம் ஆண்டின் 166 பக்க வழிகாட்டி ஆவணம் அளவுகோலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 'நியாயமான சந்தேகம்' போதும். உறுதியான ஆதாரம் தேவையில்லை. இந்தச் சொல்லாட்சி 1968இன் டெர்ரி வழக்கிலிருந்து வந்தது. தெருவில் ஐயத்துக்கு இடமாக நடந்துகொள்பவரைப் போலீஸ்காரர் சில நிமிடங்கள் நிறுத்தி மேலோட்டமாகச் சோதிக்க அந்த வழக்கு அனுமதித்தது. சில நிமிட நிறுத்தத்துக்கு வகுத்த அளவுகோல், ஆண்டுக்கணக்கில் நீளும் தடைக்குப் பயன்படுகிறது. தெருவில் நிறுத்தப்பட்டவருக்குத் தன்னை நிறுத்தியவர் யார் என்பதாவது தெரியும்.

பட்டியல் தண்டனையல்ல, முன்கணிப்பு என்பது அரசின் வாதம். ஒருவர் செய்த குற்றத்துக்காக அல்ல, செய்யக்கூடிய குற்றத்துக்காக. இதுதான் குடிமைச் சுதந்திரவாதிகளை உறுத்தும் இடம். மனித நடத்தையில் இத்தனை அரிதான ஒன்றை முன்கூட்டிக் கணிக்க அறிவியல் வழி உண்டா? முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரியும் உளவியல் மருத்துவருமான மார்க் சேஜ்மன், பயங்கரவாதிகளின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். லத்தீப் வழக்கில் அவர் தாக்கல் செய்த வாக்குமூலம், அத்தகைய கணிப்பு முறை எதுவும் சோதித்து நிறுவப்படவில்லை என்றது.

லத்தீப் வழக்கு 2010இல் ஓரிகான் மாநிலத்தில் தொடங்கியது. வழக்காடிய 13 பேரும் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளர்கள், சிலர் முன்னாள் படைவீரர்கள். முதலில் பெயர் வரும் ஆய்மன் லத்தீப் கடற்படைத் துருப்பில் பணியாற்றி உடல் ஊனமுற்றவர். எகிப்தில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டார். தூதரகங்களில் எஃப்.பி.ஐ. அலுவலர்கள் வந்து விசாரிப்பார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். குறைதீர்ப்புத் திட்டத்துக்கு எழுதினால், நீங்கள் பட்டியலில் உள்ளீர்களா இல்லையா என்பதை உறுதியும் செய்யாத மறுக்கவும் செய்யாத கடிதம் வரும்.

விமானத்தில் போகத்தானே தடை, கப்பலில் போகலாமே என்று அரசு வாதிட்டது. நீதிபதி அன்னா பிரவுன் 2013இல் அதை ஏற்கவில்லை. இன்றைய உலகில் கடல்கடந்து செல்ல விமானம் வசதியல்ல, தேவை என்றார். 2014 ஜூனில் வந்த தீர்ப்பில், 1976இன் மேத்யூஸ் வழக்கு வகுத்த தராசைப் பயன்படுத்தினார்: பறிபோகும் உரிமையின் கனம், தவறு நேரும் வாய்ப்பு, அரசின் நலன். மூன்றையும் நிறுத்துப் பார்த்து, குறைதீர்ப்பு முறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றார். இந்தப் போராட்டங்களில் குடிமைச் சுதந்திரத் தரப்பு எட்டிய உச்சம் அது.

அதன் பலன் என்ன? அந்த அக்டோபரில் 13 பேரில் 7 பேர் பட்டியலில் இல்லை என்று அரசு அறிவித்தது. 2015இல் புதிய நடைமுறை வந்தது. குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் மட்டும் அவர்களது நிலை தெரிவிக்கப்படும். இரகசியமற்ற சுருக்கம் ஒன்று கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. இறுதி முடிவு போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகியுடையது. சாட்சியை நேரில் விசாரிக்கும் அமர்வு கிடையாது. முடிவை எதிர்ப்பவர் நேரே மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்ல வேண்டும். அது நிர்வாகம் கொடுக்கும் கோப்பை, இரகசியப் பகுதியை மனுதாரர் காணாமல், படித்து முடிவு செய்யும். ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் 2019 அக்டோபரில், எஞ்சிய மனுதாரர்களைப் பொறுத்தவரை இந்த நடைமுறை போதுமானது என்றது. அதே ஆண்டு வர்ஜீனியாவில் நீதிபதி அந்தோனி டிரெங்கா, பெரிய கண்காணிப்புத் தரவுத்தளமே நடைமுறை நீதிக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். 2021இல் அது மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. அந்த வழக்கில் அரசு ஒப்புக்கொண்டவை தாம் மிச்சம்: 2017 ஜூனில் 11.6 லட்சம் பேர். அவர்களில் சுமார் 4,600 பேர் அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும். பட்டியலை அணுகும் வசதி 1,400க்கும் மேற்பட்ட தனியார் அமைப்புகளுக்கு.

இடையில் நடந்த ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016 ஜூனில் ஆர்லாண்டோ படுகொலைக்குப் பிறகு, பட்டியலில் உள்ளவர் துப்பாக்கி வாங்கக் கூடாது என்று சட்டம் கோரி ஜனநாயகக் கட்சியினர் காங்கிரஸ் அவையின் தரையில் அமர்ந்து போராடினார்கள். தலைமை தாங்கியவர், பட்டியலால் பலமுறை நிறுத்தப்பட்ட அதே ஜான் லூயிஸ். பட்டியலின் நம்பகத்தன்மைக்குச் சான்றாக செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் தந்த எண்: தடைப் பட்டியலில் 81,000 பேர், அவர்களில் அமெரிக்கர் ஆயிரத்துக்கும் குறைவு. குடிமைச் சுதந்திர ஒன்றியம் அந்த மசோதாவை எதிர்த்தது. துப்பாக்கியை எதிர்க்கும் உணர்வு நியாயமே என்றாலும், காரணம் சொல்லாத பட்டியலை இன்னோர் உரிமையைப் பறிக்கும் கருவியாக்குவதை லூயிஸ் எப்படி ஏற்றார் என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

நீக்கம் என்ற உத்தி

ஷிப்லியின் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு கடைசி இரண்டு வழக்குகளில் தெரிகிறது. முகமது தன்வீர் உள்ளிட்ட முஸ்லிம் ஆண்கள், தங்கள் சமூகத்தை வேவு பார்க்க எஃப்.பி.ஐ. கேட்டது, மறுத்ததால் பட்டியலில் சேர்த்தது என்று 2013இல் வழக்கிட்டார்கள். 2015 ஜூனில், முக்கிய விசாரணைக்குச் சில நாள்களுக்கு முன், நீங்கள் பறக்கலாம் என்று கடிதம் வந்தது. இழப்பீடு மட்டும் மிஞ்சியது. மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் மீது தனிப்பட இழப்பீடு கோரலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். பிறகு கீழே வந்த வழக்கு, அதிகாரிகளுக்குச் சட்டம் தரும் விலக்குரிமையில் முட்டி நின்றது.

யோனாஸ் ஃபிக்ரே போர்ட்லண்டில் வாழ்ந்த அமெரிக்கக் குடிமகன். 2009இல் தொழில் நிமித்தம் சூடான் சென்றார். கார்ட்டூம் தூதரகத்தில் எஃப்.பி.ஐ. அலுவலர்கள் அவரது பள்ளிவாசலைப் பற்றிக் கேட்டு, அவர் தடைப் பட்டியலில் இருப்பதைச் சொல்லி, உளவு சொன்னால் நீக்குவதாகப் பேரம் பேசினார்கள் என்பது அவர் புகார். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் மாதக்கணக்கில் சிறைப்பட்டார். அங்கிருந்து ஸ்வீடன் போனார். 2015இல் ஸ்வீடன் அரசு தனி விமானத்தில் அவரை ஊருக்கு அனுப்பியது. 2016இல் அவர் பெயர் நீக்கப்பட்டது. உடனே, நீக்கியாயிற்று, வழக்குக்கு இனி வேலையில்லை என்று அரசு சொன்னது. தற்போது கையில் உள்ள தகவலின்படி அவரை மீண்டும் சேர்க்க மாட்டோம் என்று அதிகாரி ஒருவர் உறுதிமொழியும் தந்தார். 2024 மார்ச்சில் நீதிபதி நீல் கோர்சச் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, அந்த உறுதிமொழி போதாது என்றது. அதே நடத்தைக்காக மீண்டும் சேர்க்க மாட்டார்கள் என்பதை அது காட்டவில்லை.

இந்தத் தீர்ப்பைப் பெரிய வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. வழக்கை முடித்துவிடக் கூடாது என்று மட்டுமே அது சொன்னது. ஆனால் அரசின் பழைய உத்தி ஒன்றை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பெயரைக் காரணம் சொல்லாமல் சேர்க்க முடிவதைப் போலவே காரணம் சொல்லாமல் நீக்கவும் முடிகிறது. வழக்கு சூடுபிடிக்கும்போது நீக்கம் வருகிறது. மனுதாரர் விமானம் ஏறுகிறார், கேள்வி பதிலின்றி நிற்கிறது. கென்னடிக்கு நடந்ததும் இதுதான், உயர்ந்த மட்டத்தில்.

பட்டியலோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஊடுருவாளர் ஒருவர், ஓஹாயோவின் சிறு விமான நிறுவனம் ஒன்றின் பூட்டாத சர்வரில் 2019ஆம் ஆண்டுத் தடைப் பட்டியலைக் கண்டெடுத்தார். புனைபெயர்களும் எழுத்து வேறுபாடுகளும் சேர்த்து 15 லட்சம் வரிகள். அதே ஆண்டு இறுதியில், பெரிய தரவுத்தளத்தில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இருப்பதாக சி.பி.எஸ். செய்தி நிறுவனம் தெரிவித்தது. பட்டியலில் உள்ளவரிடமிருந்து இரகசியமாக வைக்கப்படுவது, பூட்டாத சர்வரில் யாருக்கும் கிடைத்தது என்பதை அரசு எப்படி விளக்கும் என்று தெரியவில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1980 முதலே அமெரிக்காவில் இரகசிய ஆவண நடைமுறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிற்பவருக்கு எதிராக அரசு பயன்படுத்தும் இரகசியத் தகவலை, அதன் சாரத்தையாவது, நீதிபதி மேற்பார்வையில் அவர் தரப்புக்குக் கொடுக்க அது வழி செய்கிறது. அனுமதி பெற்ற வழக்கறிஞர் மூல ஆவணத்தையே படிக்கலாம். கொடுக்க அரசு மறுத்தால் அந்தக் குற்றச்சாட்டே தள்ளுபடியாகலாம். அதாவது விமானத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் மீதான ஆதாரத்தை எதிர்கொள்ள வழி இருக்கிறது. தகர்க்கக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்டுப் பட்டியலில் மட்டும் இருப்பவருக்கு அது இல்லை. கென்ட் வழக்கில் நீதிமன்றம் கேட்ட முதல் கேள்வி, காங்கிரஸ் இதற்குச் சட்டம் இயற்றியதா என்பது. பயணிகளை ஒப்பிட்டுத் தடுக்கக் காங்கிரஸ் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் யாரைச் சேர்க்கலாம், எந்த ஆதாரத்தில், எந்த நீதிபதி முன் என்பதை அது இன்றுவரை சட்டத்தில் வரையறுக்கவில்லை.